சீக்குக் குஞ்சின் கனம்

கரட்டுப்பாளையத்தில் சீக்கு வந்த கோழிக்குஞ்சுகள் மனுசக் கனம் கனக்கத் தொடங்கியது ஐப்பசி அடைமழையில்தான் என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் இரண்டு கருத்து கிடையாது. ஏன் கனத்தன என்பதற்கு வேண்டுமானால் ஆளுக்கொரு நியாயம் வைத்திருந்தோம், அதையும் மழை விடுவதற்குள் பேசித் தீர்த்துவிட்டு, கட்டில் கால் ஒடிந்தால் எந்த ஆசாரியைக் கூப்பிடுவது, கனத்த குஞ்சை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்பது முறைதானா என்பது மாதிரியான உருப்படியான பேச்சுக்கு வந்துவிட்டோம்.

எங்கள் ஊர் நாமக்கல்லுக்குத் தெற்கே, கோழிப்பண்ணைகளுக்கு நடுவில் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நீளநீளமான கொட்டகை, கொட்டகைக்குள் கம்பிக்கூண்டு, கூண்டுக்குள் லட்சக்கணக்கில் வெள்ளைக் கோழி. காற்று திசை மாறினால் சோற்றுத்தட்டில் இறகு வந்து விழும், எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவோம். எந்த வயசுக் கோழிக்கு என்ன தீவனம், எவ்வளவு எடைக்கு எவ்வளவு மருந்து என்று பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவரும் இங்கே மடமடவென்று சொல்லிவிடுவார். ஆனால் ஒற்றைக் கோழியை எங்களுக்குத் தெரியாது. கூண்டில் ஒன்று சீக்கானால் காலைப் பிடித்துத் தூக்கி அக்கட்டால், கொட்டகைக்கு வெளியே, எறிந்துவிடுவதுதான் வைத்தியம், ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றால் மற்றதெல்லாம் போய்விடும் என்பதுதான் இந்தத் தொழிலில் முதலில் படிக்கிற பாடம்.

அப்படிப்பட்ட ஊருக்குள் ஒருவன் மொபெட்டின் பின்னால் கம்பிக்கூடையைக் கட்டிக்கொண்டு, கொல்லத் தெருவில் ஊசி விற்க வந்தவன் மாதிரி, கோழிக்குஞ்சு விற்க வந்தான். பேண்டம் குஞ்சு என்றான். வளர்ந்தாலும் புறாவைத் தாண்டாத குட்டை இனம், காலில்கூட இறகு முளைத்திருக்கும், அழகுக்கு வளர்ப்பது, முட்டைக்கோ கறிக்கோ ஆகாது. "இத அறுத்தா ஒரு கரண்டிக் கொழம்புக்குக் காணாதேப்பா" என்று சிரித்தோம். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு ஒன்று வாங்கினோம், ஏன் வாங்கினோம் என்று இன்றுவரை தெரியவில்லை. எலுமிச்சங்காய் அளவுதான் இருந்தது ஒவ்வொன்றும். அவன் போனதும் மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் போனது, அட்டைப்பெட்டிகளுக்குள் எரிந்துகொண்டிருந்த குண்டு பல்புகள் அணைந்தன, குளிர் தாங்காமல் குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப் போட்டு, கண் சொருகி, பின்பக்கம் எச்சம் அப்பிக் காய்ந்து, ஒரே வாரத்தில் ஊர் முழுக்கச் சீக்காயின.

முதலில் கனத்தது பூங்கொடி வீட்டுக் குஞ்சு.

பூங்கொடி பண்ணையில் முட்டை அடுக்குகிறவள். அவள் புருசன் கந்தவேல் முட்டை லாரி ஓட்டுகிறவன். அவர்களுக்குத் தனுஸ்ரீ என்று ஒரே பெண், அதற்கு முந்தின ஐப்பசியில் ஐந்து வயசில் காய்ச்சலில் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று கந்தவேல் மோட்டார் சைக்கிளை ஓட்ட, பூங்கொடி பின்னால் உட்கார்ந்து பிள்ளையை இடது கையில் சாய்த்துப் பிடித்திருந்தாள். வழியெல்லாம் மழை, கை மரத்துக்கொண்டே வந்தது, மாற்றிப் பிடித்தால் பிள்ளை முழித்துக்கொள்ளுமே என்று மாற்றாமலே போனாள். போய்ச் சேர்ந்தபோது பிள்ளை இல்லை. மரத்த கைக்கும் உணர்ச்சி திரும்பவில்லை. தட்டு அடுக்கும், துணி பிழியும், ஆனால் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. ஒருதரம் தோசைக்கல்லில் பட்டுக் கருகியதை வாடையில்தான் தெரிந்துகொண்டாள். நரம்பில் ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். எழவுக்கு வந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு, "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா அம்மிணி, உம்மேல என்ன தப்பு, அழுதுரு" என்றார்கள். அவள் அழவில்லை. வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

குஞ்சு வாங்கினபோதும் அவளுக்கு வாங்குகிற எண்ணமில்லை. மொபெட்காரன் கூடைக் கொக்கியை மாட்டுவதற்காக ஒரு குஞ்சை அவள் இடது உள்ளங்கையில் வைத்தான். அது நிற்கிறதா இல்லையா என்று அவள் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, பார்த்துக்கொண்டே நின்றதில் வாங்கினதாக ஆகிவிட்டது. பெட்டிக்குள் பல்பு தொங்கவிட்டு, சூடு போதுமா என்று அந்தக் கையை வைத்தே பார்த்தாள். மரத்த கைக்கு என்ன தெரியும்? பல்பு எட்டாத உயரத்தில் தொங்கியது, குஞ்சு கரண்ட் போவதற்கு முன்பே குளிரில் நடுங்கத் தொடங்கியிருந்தது.

சீக்கான குஞ்சை ஈரச் சாக்கிலிருந்து எடுத்து மாற்றப் போனவள் ஒரு கையால் தூக்க முடியாமல் இரண்டு கையும் கொடுத்தாள். தூக்கியது தூக்கியபடி இடுப்பு தானாக ஒருபக்கம் ஒடிந்து இடம் கொடுத்தது, கனம் வந்து பிள்ளையை வைத்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்தது.

"ஏனுங், இங்க வாங்க."

"என்ன?"

"இதத் தூக்கிப் பாருங்."

கந்தவேல் வந்து வாங்கினான். வாங்கியவன் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டான். உள்ளங்கையில் அடங்குகிற குஞ்சு இரண்டு கையையும் இழுத்துக்கொண்டு மடியில் இறங்கியது. இரண்டு பேரும் பெயரைச் சொல்லவில்லை.

"லாரிய எடுக்கோணும்" என்றான் கந்தவேல், எழுந்திருக்காமலே.

பிறகு ஊர் முழுக்கக் கனத்தது. யார் வீட்டில் யார் போயிருந்தார்களோ அவர்கள் கனம். மரம் அறுக்கிற மில் வைத்திருக்கும் செல்லமுத்து அண்ணன் வீட்டுக் குஞ்சு அவர் சம்சாரத்தின் கனம் இருந்தது. அவர் அதைக் கட்டிலில் அந்தம்மா படுக்கிற பக்கமாகவே விட, கட்டில் அந்தப் பக்கம் பழையபடி குழிந்தது, அதைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் படுத்தார். பண்ணை சூப்பர்வைசர் மோகனசுந்தரம் வீட்டுக் குஞ்சுக்கு அவர் பெரியப்பாவின் கனம். பெரியப்பா பீமன் மாதிரி இருந்தவர், குருவி தலையில் பனங்காய் என்பது அங்கே கண்ணெதிரே நடந்தது, பாவம் குஞ்சு தரையோடு தரையாகக் கிடந்தது. யாரையும் இழக்காத வீட்டில் குஞ்சு சீக்காகியும் இறகுபோலவே இருக்க, அந்த வீட்டுக்காரி ஏதோ தப்புப் பண்ணினவள் மாதிரி தெருவில் ஒதுங்கி நடந்தாள். "குடுத்து வெச்சவ" என்றோம், கொஞ்சம் பொறாமையோடுதான். தங்கள் வீட்டில் அப்படி யாரும் போகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த இன்னொரு வீட்டுக் குஞ்சு, அப்போதுதான் பிறந்த பிள்ளையின் கனம் கனத்தது. அந்த வீட்டு மாமியாரும் மருமகளும் ஒருத்தரையொருத்தர் பார்க்காமல் வேலை செய்தார்கள். நாங்களும் கேட்கவில்லை.

கேட்காமல் இருப்பதுதான் எங்களுக்கு நன்றாக வரும். ஒரு கோழி போனால் அந்த இடத்தில் வேறு கோழியை வைத்துத்தான் பழக்கம், அழுகிற பழக்கம் எங்களுக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது. கனத்த குஞ்சை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தோம். கால் மரத்தால் மடி மாற்றிக்கொண்டோம்.

மருந்து கொடுக்கிற யோசனை மோகனசுந்தரத்துக்கு வந்தது. கோழி மருந்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. முதலில் செல்லமுத்து வீட்டுக்குப் போனார், தீவன மூட்டை போடுகிற தராசைக் கொண்டுவரச் சொல்லி, குஞ்சைத் தராசில் வைத்து, முள் நின்ற இடத்தைப் பார்த்து, அவ்வளவு எடைக்கு எவ்வளவு மருந்தோ அவ்வளவையும் கலக்கி ஊற்றினார். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். எடைக்குத் தக்க மருந்து என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை. விடிவதற்குள் குஞ்சு செத்துப்போனது. செத்த குஞ்சைத் தராசில் வைத்தபோது முள் அசையவில்லை. செல்லமுத்து அதை இரண்டு கையாலும் தூக்கப் போய், ஒன்றுமில்லாததைத் தூக்கினதில் பின்னால் சாயப் பார்த்தார்.

"ரெண்டாந் தடவையும் போயிட்டா" என்றார். பிறகு, "மழ விட்ருச்சாட்ட இருக்குது" என்றார்.

அதற்கப்புறம்தான் கால்நடை டாக்டரம்மாவைக் கூட்டி வந்தோம். பூங்கொடி வீட்டில் குஞ்சை இரண்டு கையால் தூக்கிப் பார்த்தவர், பெரிய ஆச்சரியமெல்லாம் காட்டவில்லை. "ரொம்பத்தான் கனக்குது" என்றார், பெட்டியைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார்.

"எடையப் பாக்காதீங்க, குஞ்சப் பாருங்க" என்றார். "இது எலுமிச்சங்காய் அளவு உசுருதானே? மொதல்ல கதகதப்பு. பல்ப இறக்கிக் கட்டுங்க, ஆனா அதுக்கு விலகிப் போகவும் பெட்டியில எடம் இருக்கணும். வழுக்குற பேப்பர் போடாதீங்க, காலு அகண்டுரும், காஞ்ச துணி விரிங்க. காய்ச்சி ஆறுன தண்ணியில துளி சர்க்கரை போட்டு, வாய்க்குள்ள ஊத்தாம, அலகு ஓரத்துல ஒவ்வொரு சொட்டா வைங்க, அதுவாக் குடிக்கும். அவிச்ச முட்டையில மஞ்சக்கருவ மட்டும் எடுத்து நசுக்கி, கடுகளவு கடுகளவாக் குடுங்க."

"முட்டத் தீவனந்தானுங் போட்டுட்டிருந்தோம். பண்ணையில அள்ளிட்டு வந்தது" என்றாள் பூங்கொடி.

"அது முட்டை போடற கோழிக்கும்மா. அதுல இருக்குற சுண்ணாம்பு குஞ்சோட சிறுநீரகத்தைக் கெடுத்துரும். குஞ்சுத் தீவனம் வாங்கி, மிக்சியில இன்னுங்கொஞ்சம் பொடிச்சுக்குங்க, இதுங்களுக்கு வாய் சின்னது. பின்னாடி அப்பியிருக்கறத வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சு எடுங்க, பிச்சு எடுக்கக் கூடாது. கழிச்சல்ல ரத்தம் பட்டா என்னைக் கூப்பிடுங்க, நீங்களா மருந்து ஊத்தாதீங்க."

இவ்வளவுதான் வைத்தியம். சொன்னபடி செய்தோம், குஞ்சுகள் தெளியத் தொடங்கின. முதலில் எழுந்து நின்றது மோகனசுந்தரம் வீட்டுக் குஞ்சு. எழுந்து நின்ற குஞ்சில் பெரியப்பா இல்லை, வெறும் குஞ்சுதான் இருந்தது. "நல்லாயிருச்சு" என்றார் அவர் தெருவில் நின்று, சந்தோசமாகச் சொல்ல வேண்டிய குரலை எங்கேயோ வைத்துவிட்டவர் மாதிரி. "ஆனா போயிருச்சு."

செத்தாலும் போகும், பிழைத்தாலும் போகும் என்று ஊருக்குப் புரிந்தது. புரிந்ததும் நாங்கள் என்ன செய்தோம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பல்பைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டினோம். மஞ்சள் கருவை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினோம். தெளிவதுபோலத் தெரிந்தால் சர்க்கரைத் தண்ணீரில் சர்க்கரையைக் குறைத்தோம், சாய்வதுபோலத் தெரிந்தால் கூட்டினோம். சாகவும் விடாமல் பிழைக்கவும் விடாமல் ஒரு குஞ்சை நிறுத்திவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை, கோழித் தொழில் தெரிந்த ஊராக இருந்ததால் எங்களுக்குச் சீக்கிரம் கைவந்தது. யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை, கனம் மிச்சமிருந்த எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி நடந்தது. கார்த்திகை பிறந்து தீபம் ஏற்றினோம், விளக்கு வெளிச்சத்தில் அந்த வீடுகளிலெல்லாம் மடியில் ஒரு கனம் இருந்தது.

பூங்கொடி வீட்டிலும் அப்படித்தான். கந்தவேல் வெளியூர் லோடுக்குப் போவதை விட்டுவிட்டான். பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்து, கால் கழுவி, தரையில் உட்கார்ந்து கை நீட்டுவான். பூங்கொடி குஞ்சைக் கொண்டுவந்து கையில் இறக்குவாள். அவன் அதன் முதுகில் ஒற்றை விரலை வைத்துக்கொண்டு அன்றைக்கு ரோட்டில் பார்த்ததையெல்லாம் சொல்வான். தனுவிடம் சொல்கிற அதே குரல். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு பூங்கொடி ராகி களி கிண்டுவாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. வேறென்ன சொல்ல, அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் சாயங்காலம் மழை விட்டு ஈசல் கிளம்பியது. பெட்டிக்குள் பல்பைச் சுற்றிப் பறந்த ஈசல்களில் ஒன்று இறகு உதிர்ந்து குஞ்சுக்கு முன்னால் விழுந்து ஊர்ந்தது. குஞ்சு சொருகியிருந்த கண்ணைத் திறந்தது. கழுத்தை நீட்டியது. எழுந்திருக்கப் பார்த்தது, கால் இரண்டும் பக்கத்துக்கொன்றாக விலகிப் படுத்தது. மறுபடியும் ஊன்றியது, இறக்கைகளை ஊன்றி உந்தியது, அதற்குமேல் தூக்கமுடியாத எதையோ தூக்கப் பார்க்கிற மாதிரி உடம்பெல்லாம் நடுங்கியது. ஈசல் அலகுக்கு எதிரே ஒரு விரற்கடை தூரத்தில், அவசரமே இல்லாமல், பெட்டியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்துபோனது. குஞ்சு அதைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்து மூடியது.

பூங்கொடி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய் அடுப்பில் முட்டையை வேகப் போட்டாள்.

"நேத்துத்தானே குடுத்தோம்" என்றான் கந்தவேல்.

"இன்னைக்கும் குடுக்கறேன்."

"பூங்கொடி."

"அதால எந்திரிக்க முடியலீங். ஒரு ஈசலப் புடிக்க முடியல."

"இருந்துட்டுப் போவட்டும். நாம என்ன கொல்லவா செய்யறோம்? பாத்துக்கறோமல்ல?"

"அது தூக்கற கனமாங்க இது?" என்றாள். "நம்ம கனத்தத் தூக்கி அதுமேல வெச்சுட்டு நாம உக்காந்துட்டிருக்கறோம்."

கந்தவேல் பெட்டியிலிருந்து குஞ்சை எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். "இன்னொருக்கா என்னால குடுக்க முடியாது. அன்னைக்கு வண்டி ஓட்டிட்டிருந்தேன். திரும்பிக்கூடப் பாக்கல. நீ புடிச்சிருந்தே, நான் புடிக்கல. எனக்கு இப்பத்தான் புடிக்கக் கெடச்சிருக்குது."

முட்டை வெந்ததும் உரித்து, வெள்ளையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மஞ்சள் கருவை நசுக்கி ஒரு மூடியில் போட்டு அவன் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்களே குடுங்" என்றாள்.

அவன் குஞ்சை நெஞ்சிலிருந்து மெல்ல மடிக்கு இறக்கினான். கடைசியில் விரல் நுனியில் கடுகளவு எடுத்து அலகுக்கு முன்னால் நீட்டினான். குஞ்சு கொத்தியது. இன்னொரு தடவை எடுத்தான்.

அவள் பல்பை இறக்கிக் கட்டினாள். இந்தத் தடவை கையை நம்பவில்லை; பெட்டிக்குள் தலையை விட்டு, கன்னத்தைத் துணியில் வைத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் சூடு பார்த்தாள். துணி மாற்றினாள், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வைத்தாள், தீவனத்தைப் பொடித்தாள், வெதுவெதுப்பான பஞ்சால் துடைத்து உலர்த்தினாள், மறுபடி துணி மாற்றினாள். கனம் ஒரேயடியாகப் போகவில்லை, வந்த வழியே திரும்பிப் போனது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது இருந்த கனம் ஆனது. அங்கிருந்து, குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தினபோது மாமன் மடியில் திமிறின கனம் ஆனது. அங்கிருந்து, முதன்முதலாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பொத்தென்று உட்கார்ந்தபோது தூக்கின கனம் ஆனது. கந்தவேல் ஒவ்வொரு சாயங்காலமும் கைநீட்டி வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, "இது காது குத்துனப்ப" என்றும், "இது தொட்டில்ல போட்டப்ப" என்றும் சொன்னான். பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி அவன் கையில் முதன்முதலாகக் கொடுத்த கனம் ஆனது, அன்றைக்கு அவன் அதைக் கீழே வைக்கவில்லை, சோறும் தின்னவில்லை. அதற்கடுத்த கனம் பூங்கொடிக்கு மட்டும் தெரிந்த கனம். அதை அவள் யாரிடமும் கொடுக்காமல் வயிற்றோடு சேர்த்து வைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் வெயில் நன்றாக அடித்தது. பெட்டியை வாசலில் வைத்துத் திறந்தபோது குஞ்சு விளிம்பில் ஏறி உட்கார்ந்திருந்தது. காலில் புதிதாக இறகு முளைத்திருந்தது. பேண்டம் இனத்துக்குப் பறக்க வரும் என்று மொபெட்காரன் சொன்னது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. கையை நீட்டினாள், பழக்கத்தில் இடது கைதான் போனது. குஞ்சு தத்தி அவள் மணிக்கட்டில் ஏறி, முழங்கை வரைக்கும் நடந்து, அங்கே நின்று ஒருதரம் உதறிக்கொண்டு, காம்பவுண்டுச் சுவருக்குப் பறந்தது. ஒரு கனமும் இல்லை.

ஆனால் அது உந்தி எழும்பியபோது நகம் குத்தியது. குத்தியது அவளுக்குத் தெரிந்தது.

குத்தின இடத்திலிருந்து சுருக்கென்று மேலேயும் கீழேயும் கிளம்பியது. வெகுநேரம் ஒருக்களித்துப் படுத்து மரத்த கையில் ரத்தம் திரும்பும்போது குத்துமே, அப்படி ஆயிரம் ஊசி ஒன்றாக, விரல் நுனியிலிருந்து தோள்பட்டை வரைக்கும், ஒரு வருசத்துக்கும் சேர்த்துக் குத்தியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே குந்தினாள். வாய் திறந்து சத்தம் வந்தது. எங்கள் தெருவில் அப்படி ஒரு சத்தத்தை நாங்கள் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. கொட்டகைக் கோழிகளெல்லாம்கூட ஒருகணம் அடங்கின. வீட்டுக்குவீடு மடியில் கனத்தோடு உட்கார்ந்திருந்த நாங்கள் எழுந்து போகவும் முடியாமல், காதைப் பொத்தவும் கையில்லாமல், முழுக்கக் கேட்டோம்.

கந்தவேல் உள்ளேயிருந்து ஓடிவந்தான்.

"என்னாச்சு? பாம்பா?"

"வலிக்குதுங்" என்றாள். "கை வலிக்குது."

"எந்தக் கை?"

"புள்ளையப் புடிச்சிருந்த கை."

அவன் அவள் பக்கத்தில் குந்தி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். தேய்க்கவில்லை, நீவவில்லை, பிடித்திருந்தான். "கனக்குதா?" என்று கேட்டான்.

"ஆமாங்" என்றாள் அழுதுகொண்டே. "மாத்திப் புடிங்."

அவன் மாற்றிப் பிடித்தான்.